உடம்பைத் தனித்தனியாக அளக்கிறார்கள், வருமானத்தைச் சேர்த்து எண்ணுகிறார்கள்

(விழுப்புரத்தில் இளைஞர்கள் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘மாற்றுத்திறனாளிகளும் சமூக நீதியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. அதற்குள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் பேசப் போகிறேன். மறு மதிப்பீடு. உனக்கு ஊனம் இருக்கிறது என்று அரசே கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுக்கிறது. சில வருடம் கழித்து அதே அரசு கூப்பிட்டு, ‘இன்னும் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு குடும்பத்துக்கு என்னென்ன நடக்கிறது என்பதுதான் பேச்சு.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில் 1981இல் பிறந்தவன். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போனது. போலியோ கிருமி மலம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுகிற கிருமி. ஊர்த் தெருவுக்குக் குழாய் வந்து பல வருடம் கழித்துத்தான் எங்கள் தெருவுக்கு வந்தது. என் வயதில் எங்கள் காலனியில் மட்டும் நாலு பேர் காலை இழுத்துக்கொண்டு நடந்தோம். ‘விதி’ என்று எங்கள் ஆயா சொல்லும். விதி ஏன் தெருப் பார்த்து வருகிறது என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 2.21 சதவிகிதம் பேர் ஊனமுற்றவர்கள் என்று வந்தது. பட்டியல் சாதியினரில் மட்டும் எடுத்தால் 2.45. தண்ணீர், மருத்துவம், செய்கிற வேலை, சாப்பிடுகிற சோறு என்று எதைத் தொட்டாலும் அந்த வித்தியாசத்துக்குள் சாதி இருக்கிறது.

இப்போது தையல் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் வைத்த மிஷின், கையால் ஓட்டுவேன். என் மனைவி விவசாயக் கூலி. மல்லாட்டை பிடுங்குவது, களை எடுப்பது, நடவு. அவள் நன்றாக இருந்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்து சில மாதத்தில் முடக்குவாதம் வந்தது. மணிக்கட்டு, விரல், முட்டி எல்லாம் வீங்கும். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. ஒரு செடியைப் பிடித்து இழுக்க முடியாத கையை வைத்துக்கொண்டு எங்கே மல்லாட்டை பிடுங்குவது?

என்னிடம் 1998இல் வாங்கிய அட்டை இருந்தது. 80 சதவிகிதம் என்று போட்டிருக்கும். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை எனக்கு வந்துகொண்டிருந்தது. 1,500ஆக இருந்தது 2022 ஜனவரியிலிருந்து 2,000 ஆனது. அவளுக்கு 2019இல் தற்காலிகச் சான்று, 45 சதவிகிதம், ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதை வைத்து வருவாய்த் துறை வழியாக மாதம் 1,000. அது 2023 ஜனவரியில் 1,500 ஆனது. ஆக மாதம் 3,500 ரூபாய். வீட்டு வாடகையும் அரிசி தவிர்த்த மளிகையும் அதில் ஓடியது. தையலில் வருவது பிள்ளைகளுக்கு.

2023இல் புது அடையாள எண்ணுக்காக என்னை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். 80 என்பது 70 ஆகத் திரும்பி வந்தது. போலியோ வந்த கால் நாற்பது வருடத்தில் பத்து சதவிகிதம் தேறியிருக்கிறது என்று அர்த்தம். பராமரிப்பு உதவித்தொகைக்கு வரம்பு 75. நின்றுவிட்டது. அடுத்த வருடம் அவளுடைய தற்காலிகச் சான்று காலாவதி ஆனது. அவளையும் கூப்பிட்டார்கள். 45 என்பது 35 ஆனது. வரம்பு 40. அதுவும் நின்றது.

எந்த மருத்துவமனை, எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு டாக்டரைத் திட்டிவிட்டுப் போவதற்கு இந்த மேடை தேவையில்லை. அன்றைக்கு அந்த ஒரு டாக்டர் முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது.

ஆனால் அந்த மூன்று நிமிடம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முடக்குவாதம் காலையில் இறுக்கும், மதியத்துக்கு மேல் கொஞ்சம் தளரும். ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தவளை ஒரு மணிக்குப் பார்த்தார்கள். அதற்குள் விரல் தளர்ந்துவிட்டது. இன்னொன்று. வலி மாத்திரை போடாமல் அவளால் பஸ் ஏற முடியாது. நகர முடியவில்லை என்று நிரூபிக்கப் போவதற்கு, நகர வைக்கிற மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கையை மடக்கச் சொன்னார்கள், மடக்கினாள். எழுந்து நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். “நல்லாதானம்மா நடக்கிற?” அவ்வளவுதான். மறுநாள் முழுக்க அவள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த மறுநாளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

பிறகு பக்கத்திலிருந்தவர் கேட்டார்: “எத்தன புள்ள?” இரண்டு என்றாள். “ரெண்டு புள்ளய பெத்து வளத்துகினு இருக்க, அப்புறம் இன்னா?”

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எங்கள் பிள்ளைகளை எங்களுக்கு எதிரான சாட்சியாக மாற்றிய வாக்கியம் அது. ஊனமுள்ளவன் கல்யாணம் செய்யாமல் திண்ணையில் கிடந்தால் அவனுடைய ஊனத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் சந்தேகம் வந்துவிடுகிறது. கை கால் பாதிக்கப்பட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டால் இதே அரசு நிதியுதவியும் தாலிக்குத் தங்கமும் கொடுக்கிறது. சாதி மறுப்புத் திருமணத்துக்கும் அப்படி ஒரு திட்டம் உண்டு. அரசின் கண்ணில் எங்களைக் கட்டிக்கொள்வது ஒரு தியாகம், அதனால் பரிசு. ஆனால் கட்டிக்கொண்டு குடும்பமாக வாழ்ந்தால், ‘நீ அவ்வளவு மோசமில்லையே’.

எங்கள் வீடு எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். எனக்குக் கை இருக்கிறது, அவளுக்குக் கால் இருக்கிறது. காலையில் அவள் கை மடங்காத நேரத்தில் பெண்ணுக்கு நான்தான் தலை வாரிப் பின்னுவேன். தையல்காரன், பின்னல் நேராக வரும். காய் நறுக்குவது, குக்கர் மூடி போடுவது, சின்னவனுக்குப் பொத்தான் போடுவது எல்லாம் என் வேலை. அவளுக்கு விரல் தளர்ந்த பிறகு கடைக்குப் போவது, ரேஷனுக்கு நிற்பது, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் மாடி ஏறுவது அவள் வேலை. இரண்டு பேருக்கும் முடியாதது ஒன்று இருக்கிறது, தண்ணீர்க் குடம். அதை ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற எங்கள் பெண் தூக்குகிறது. நாலு குடம் தூக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகிறது. முகாம் நாட்களில் எங்களுக்குத் துணையாக அதுவும் வந்தது. போன வருடம் மட்டும் ஆறு நாள் லீவு.

ஊனத்தை மதிப்பிடும் வழிகாட்டுதலில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு விதமான பாதிப்பு இருந்தால் இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்கள். அதை 90இலிருந்து கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் எங்கள் இரண்டு பேரையும் அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். என்னுடையது 70, அவளுடையது 35. 77.8 வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்திருந்தால் 75ஐத் தாண்டியிருப்போம்! அவளிடம் சொன்னேன். “அப்போ ரெண்டு பேரையும் சேத்துத் தெச்சிடுங்க” என்றாள்.

சிரித்தோம். ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. உடம்பை அளக்கும்போது எங்களைத் தனித்தனி ஆளாக அளக்கிறார்கள். நீ 70, நீ 35, இரண்டும் போதாது. சரி, ஆதரவற்றோர் என்ற கணக்கிலாவது கேட்கலாம் என்று போனால், அங்கே எங்களைக் குடும்பமாக எண்ணுகிறார்கள். “உன் வீட்டுக்காரன் தைக்கிறானே.” “உன் சம்சாரம் நூறு நாள் வேலைக்குப் போயிருக்குதே, ரிஜிஸ்டர்ல இருக்குதே.” “ஒரு வீட்டுக்கு எத்தனை பென்ஷன் கேப்பீங்க?” நோவைக் கணக்கிடும்போது நாங்கள் யாரோ, பணத்தைக் கணக்கிடும்போது புருஷன் பெண்டாட்டி. இந்த இரண்டு அளவுகோலையும் தன் வசதிக்கு மாற்றி மாற்றி எடுக்கிற உரிமை அரசிடம் இருக்கிறது. குடும்பம் என்றால் என்ன என்று தீர்மானிக்கிற அதிகாரம் அது.

இந்தச் சதவிகிதப் படிக்கட்டைக் கொஞ்சம் பாருங்கள். 40 தாண்டினால் சட்டத்தின் கண்ணில் நீ பயன்பெறத் தக்கவன். 75 தாண்டினால் மாநிலத்தின் பராமரிப்புத் தொகை. 80 தாண்டினால்தான் ஒன்றிய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஊனமுற்றோர் ஓய்வூதியம். அதில் ஒன்றிய அரசின் பங்கு 300 ரூபாய். 2012இல் வைத்த தொகை. 2024 அக்டோபரில் விதியைத் திருத்தி அட்டைக்கு நிறமும் கொடுத்துவிட்டார்கள். 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதைச் சாதிக்குத்தான் நாம் படித்தோம். ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் கீழே ஒருவன் இருப்பதால் மொத்தப் படிக்கட்டையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. முகாம் வரிசையிலும் அதுதான். 76 வாங்கியவன் 74 வாங்கியவனைப் பார்த்து, ‘இவன் நடிக்கிறான்’ என்கிறான். நான் கேட்டிருக்கிறேன்.

சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த ஊனம் 21 வகை ஆனது. பிறருக்கான திட்டத்தைவிட 25 சதவிகிதமாவது கூடுதலாக எங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் முதியோர் தொகை 1,200 ஆனது, எங்களுடையது 1,500. சரியாக 25 சதவிகிதம், ஒரு ரூபாய் கூட இல்லை குறைவும் இல்லை. சட்டத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. ஒன்றிய அரசோ விதவைத் தாய்மாருக்கும் 300, எங்களுக்கும் 300 என்று வைத்திருக்கிறது. அங்கே 25 சதவிகிதம் எங்கே போனது?

நமக்குக் கைகொடுக்கிற விதிகள் 2017 விதிகளில் இருக்கின்றன. பழைய சட்டத்தில் கொடுத்த சான்று, அதில் குறிப்பிட்ட காலம் வரை செல்லும் என்பது 20ஆம் விதி. என்னுடையது நிரந்தரச் சான்று. அதைக் கணினியில் ஏற்றி எண் கொடுத்தால் போதும். புதிதாக அளந்து குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. சான்று கொடுக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மதிப்பீடு தவறு என்றால் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு. நான் அதைப் போட்டேன். மனுவை எழுதிக் கொடுத்தது உங்களைப் போலச் சட்டம் படிக்கிற ஒரு தம்பிதான். தகவல் உரிமைச் சட்டத்தில் என்னுடைய மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கினோம். வலது காலுக்கு மட்டும்தான் எண் போட்டிருந்தது. இடது கால் கட்டம் காலி! பதினோரு மாதம் கழித்து மறுபடி 80 ஆனது. 2,000 திரும்ப வந்தது. நின்ற மாதங்களுக்கான தொகை வரவில்லை. அதற்குத் தனி மனு போட்டிருக்கிறேன்.

அவளுடையதுதான் நிற்கவில்லை. காரணம், அவளுக்கு இருப்பது ஊனமா நோயா என்பதே அவர்களுக்குத் தகராறு. முடக்குவாதம் அந்த 21 வகையில் தனியாக இல்லை. மூட்டு கோணிப் போனால் அசைவுக் குறைபாடு என்று எண் போடுவார்கள். மூட்டு இன்னும் கோணவில்லை, வலிதான் இருக்கிறது என்றால் எண் குறையும். அதாவது கை முழுக்கக் கோணட்டும், அப்புறம் வா.

நோய்க்கு உதவித்தொகை என்று ஒன்று இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. 1942 முதல் 46 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோதுதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை 1944இல் வந்தது. அதன் வழியில் 1948இல் இஎஸ்ஐ சட்டம். இஎஸ்ஐயில் இருப்பவர் நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரைக்கும் கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும். நீண்டகால நோய் சிலவற்றுக்கு 80 சதவிகிதம், இரண்டு வருடம் வரைக்கும். வேலையில் அடிபட்டால் 90. நல்ல சட்டம். ஆனால் அது பத்துப் பேர் வேலை செய்கிற நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவருக்கு. என் மனைவி முப்பது வருடமாக மற்றவர் நிலத்தில் குனிந்தவள். அவளுக்கு நிறுவனம் எது, முதலாளி எவர்? ஒரு நாள் இந்தக் கொல்லை, மறுநாள் அந்தக் கொல்லை. நிலம் யாரிடம் இருந்தது, யார் அதில் குனிந்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாதவருக்கு நோய்க் கால ஊதியமும் இல்லை. அதனால்தான் அவள் நோயை ஊனம் என்று நிரூபிக்கச் சொல்லி அந்த வரிசையில் நிறுத்துகிறார்கள்.

பொய்ச் சான்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2024இல் ஐஏஎஸ் பயிற்சியில் இருந்த ஒருவர்மேல் அப்படிக் குற்றச்சாட்டு வந்தது, நாடே பேசியது. ஆனால் அதற்குப் பிறகு சந்தேகப் பார்வை முழுக்கத் திரும்பியது யார்மேல்? மேலே நடந்ததாகச் சொல்லப்பட்ட முறைகேட்டுக்குக் கீழே வரிசை நீளமாகிறது. ஒரு மாதத்துக்குள் சான்று என்று இருந்த விதியை மூன்று மாதமாக நீட்டிவிட்டார்கள்.

சான்றிதழ் கேட்டால் சந்தேகப்படுகிற அரசை இந்த மாவட்டம் முன்பே பார்த்திருக்கிறது. இருளர் பிள்ளைகளின் பழங்குடிச் சான்றுக்காக, திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் எத்தனை வருடம் போராடினார்கள்! ‘நீ இருளர்தானா, நிரூபி’ என்று கேட்டதும், ‘நீ ஊனம்தானா, நிரூபி’ என்று கேட்பதும் ஒரே குரல்தான். இழிவு செய்கிற இடத்தில் எந்தச் சான்றும் கேட்பதில்லை. டீக்கடையில் என்னை ‘நொண்டி’ என்று கூப்பிடுகிறவனும், சாதியைச் சொல்லிக் கூப்பிடுகிறவனும் சதவிகிதம் கேட்டுவிட்டா கூப்பிடுகிறான்? உரிமை கேட்கும் இடத்தில்தான் அட்டை, நகல், மூன்று புகைப்படம். 2010இல் துறைக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை என்று மரியாதையாகப் பெயர் மாற்றினார்கள், நல்லதுதான். பெயரை மாற்றினால் போதும் என்று முன்பு ஒரு பெரியவர் நமக்கும் ஒரு பெயர் வைத்தார், அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. ஆந்திராவில் 2024இல் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை 6,000 ஆக்கினார்கள். அதைக் காட்டித்தான் தமிழ்நாட்டுச் சங்கங்கள் இங்கேயும் கேட்டு மறியல் செய்தன. ஆனால் 2025இல் அதே ஆந்திராவில் மறு சரிபார்ப்பு ஆரம்பித்து, நோட்டீஸ் போய், மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தொகை ஏறினால் சந்தேகமும் கூடவே ஏறுகிறது. தொகைக்குப் போராடுகிறவர்கள் மதிப்பீட்டு முறைக்கும் சேர்த்துப் போராட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பணக்கார நாடான பிரிட்டனிலும் இதே கதை. கென் லோச் 2016இல் எடுத்த ‘நான், டேனியல் பிளேக்’ படம் பாருங்கள். இதய நோயாளியான ஒரு தச்சனை வேலைக்குத் தகுதியானவன் என்று படிவத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரர் படம்தான், ஆனால் எங்கள் வரிசையில் நின்ற எவருக்கும் வசனம் புரிய வேண்டிய அவசியமில்லை. 2025இல் அங்கே ஊனமுற்றோர் உதவியைக் குறைக்கக் கொண்டுவந்த சட்டத்தை, ஆளும் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் அரசு பாதி வழியில் மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது.

நான் கேட்பது என்ன? போலியோ மாதிரி மாறாத பாதிப்புக்கு மறு மதிப்பீடு என்பதே கூடாது. ஏறி இறங்கும் நோய்க்கு ஒரு மதியத்தை வைத்து எண் போடக் கூடாது. ஒரு வருட மருத்துவச் சீட்டைப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த வீட்டையே பார்க்க வேண்டும். யார் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை தொகையை நிறுத்தக் கூடாது. இந்தக் கடைசி ஒன்று மட்டும் இருந்திருந்தால் என் பெண்ணின் கம்மல் அடகுக்குப் போயிருக்காது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படி வருகிறவர்கள் முகாமில் உட்கார வேண்டும், மாலை வாங்க மட்டும் வரக் கூடாது.

அடுத்த மாதம் என் மனைவியின் மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. அவளும் எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் மூன்று பேரும் போகிறார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது. இந்தத் தடவை அவள் மாத்திரை போடாமல் போவேன் என்கிறாள். போடாவிட்டால் பஸ் ஏற முடியாது. அதனால் காலை எட்டு மணிக்கு ஒரு வேன் வேண்டும். படிவம் எழுதத் தெரிந்த இரண்டு பேர், பேசுவதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள ஒருவர், அவ்வளவு போதும். அன்றைக்குப் பெண்ணுக்கு அரையாண்டுப் பரீட்சை, அது வராது. வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள், கதவுப் பக்கம் ஸ்கூட்டரில்தான் இருப்பேன்.